சவச்சாலையில் நான்கு ஊர்கள்

எங்கள் டவுனில் எத்தனை பேர் சாகப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். ஜோசியக்காரருக்குத் தெரியாது. டொக்டருக்குத் தெரியாது. கோயில் பூசாரி சாமி வந்து ஆடும்போதுகூட இந்த விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை. அவர் மட்டும் கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். பிளேன்டீக் கடையில் சீனியை மூன்று கரண்டி போட்டுக் கலக்கிக்கொண்டே, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "இப்பிடியே விட்டால் அஞ்சு வரியத்திலை நாப்பத்தொரு பேர்" என்பார். பக்கத்தில் இருந்தவர் பாதிக் கிளாசை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

தைரியமுள்ள யாராவது, "யாரு யாருங்க சேர்?" என்று கேட்பதுண்டு.

"ஆர் எண்டு தெரியாது. எத்தினை பேர் எண்டுதான் தெரியும்."

பெயரைச் சொல்லியிருந்தாலாவது மற்றவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். இந்தப் பதிலால் டவுன் முழுக்கத் தூக்கம் கெட்டது.

அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. மாதாமாதம் சம்பளப் பட்டியலில் அதைத் தட்டச்சு செய்தவள் நான்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் ஆள் விளங்காது. எமனுக்குக் கணக்கு எழுதுபவரின் பெயரை அவருக்கு வைத்துவிட்டார்கள். முன்னால் நின்றால் சேர். முதுகு திரும்பினால் சித்திரகுப்தன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே ஒரு சின்ன டவுன் ஆஸ்பத்திரியில் நான் பதிவுக் கிளாக். தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்து, படித்து, அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்த பெண் என்பதால், அந்த நாற்காலியை யாராவது பறித்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஒருநாளும் லீவு எடுக்காதவள். அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து புள்ளிவிபர உத்தியோகத்தராக அவர் வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. வெயிலுக்கென்றே செய்த உடம்பு. எங்கள் குளிரைக் கண்டு மிரண்டு, இரண்டு சுவெட்டரும் குரங்குத் தொப்பியும் போட்டு, கழுத்தில் மஃப்ளரைச் சுற்றி, கையில் கறுப்புக் குடையோடுதான் நடமாடுவார். முகத்தில் கண்ணும் மூக்கும் மட்டும்தான் வெளியே தெரியும். அந்தக் கண்கள் நம்மைப் பார்க்கும்போது நம்மை எண்ணுகிற மாதிரியே இருக்கும்.

அவருக்குக் கொடுக்க ஆஸ்பத்திரியில் அறை இல்லை. காலியாக இருந்தது பழைய சவச்சாலை ஒன்றுதான். புதிது கட்டிய பிறகு அதற்குள் யாரும் போவதில்லை. தலைமைக் கிளாக் விளையாட்டாகத்தான் சொன்னார், "வேணும்னா அத எடுத்துக்குங்க சேர்" என்று. இவர் போய்ப் பார்த்தார். சுவர்களைத் தட்டிப் பார்த்தார்.

"நாலும் நல்ல சுவர். யன்னலும் இல்லை. அருமை!"

அன்று மத்தியானமே மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார். பிணம் கிடத்தும் சீமெந்து மேடையில் கோப்புகளை அடுக்கினார். மேலே துடைக்க முடியாத பழைய வாடை ஒன்று இருந்தது. அவர் மஃப்ளரை மூக்குவரை ஏற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

பிரசவம் எத்தனை, காசநோய் எத்தனை, வயிற்றோட்டம் எத்தனை என்று கணக்கெழுதி மேலே அனுப்புவதுதான் அவருடைய வேலை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குள் வாரத்து வேலையை முடித்துவிடுவார். மிச்ச நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் ஆஸ்பத்திரிப் படிகளை எண்ணிக்கொண்டிருந்த மனிதரை, கொழும்பில் நடந்த ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார்.

"பிள்ளை," என்றார் என்னிடம், "ஒரு வீட்டிலை ரெண்டு பக்கம் நெருப்புப் பிடிச்சிருக்கு எண்டு வையுங்கோ. ஒரு பக்கத்தை மட்டும் விசிறி அணைச்சால் என்ன நடக்கும்?"

"மத்தப் பக்கம் காத்து அடிச்சு நல்லா எரியும் சேர்."

"அதுதான்! தூளும் எச்.ஐ.வியும் அப்பிடித்தான்."

தூள் என்பது ஹெரோயின். சிங்களத்தில் குடு. எங்கள் எஸ்டேட் பையன்கள் கொழும்பில் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் வேலைக்குப் போய், தீபாவளிக்கு ஊர் வரும்போது புதுச் சட்டையோடு சிலர் அதையும் கொண்டுவந்தார்கள். அப்போது எல்லோரும் புகைத்தார்கள். ஊசி ஏற்றும் பழக்கம் வரவில்லை. எச்.ஐ.வி. என்றால் போஸ்டரில் பார்த்ததோடு சரி. இல்லாத வியாதிக்குக் கணக்குப் போடுகிறாரே என்று நர்ஸ் மிஸ்ஸிமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட மரத்தட்டுகள் நான்கை வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் தடுப்பு அடித்துப் பெட்டி பெட்டியாகப் பிரித்தார். சும்மா இருப்பவர், புகைப்பவர், ஊசி ஏற்றுபவர், கிருமி வந்தவர், மருந்தில் இருப்பவர், போனவர். பிறகு தேயிலைக் கொட்டைகளைக் கொண்டுவந்து ஒவ்வொரு தட்டிலும் ஒரே எண்ணிக்கையில் கொட்டினார். ஒரு கொட்டை ஓர் இளைஞன். நாலு சுவருக்கும் கீழே நாலு தட்டு. சுவரில் கரியால் எழுதினார். முதலாவது சுவரில், ஒன்றும் செய்யாவிட்டால். இரண்டாவதில், பொலிஸ் மட்டும். மூன்றாவதில், ஆஸ்பத்திரி மட்டும். நாலாவதில், எல்லாம் சேர்த்து.

"நாலும் உங்கட டவுன்தான். ஒரே டவுன், நாலு தரம்."

திங்கட்கிழமைகளில் பிஸ்கட் டின்னைக் குலுக்கி, உள்ளேயிருந்து துண்டுச் சீட்டு எடுத்து, சீட்டில் உள்ளபடி கொட்டைகளை ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நகர்த்துவார். அவருடைய ஒரு திங்கட்கிழமை நமக்கு ஒரு மாதம். நகர்த்தி முடித்து, சுவரில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளிகள் சேர்ந்து கோடாகும். அந்த ஜன்னலில்லாத அறையில், நாலு சுவரிலும் நாலு கோடுகள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தன. நம் ஊர் அங்கே நமக்கு முன்னாலேயே வாழ்ந்து, நமக்கு முன்னாலேயே செத்துக்கொண்டிருந்தது.

பெருக்க வரும் அலமேலக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு நாள் முதலாவது தட்டைத் தூக்கித் தட்டி, தூசி துடைத்து, கொட்டைகளை எல்லாம் ஒரே பெட்டியில் அழகாகக் குவித்து வைத்துவிட்டார். சித்திரகுப்தன் உள்ளே வந்தார். பார்த்தார். சவச்சாலையிலிருந்து அதுவரை கேட்காத ஒரு சத்தம் வந்தது.

"முதலாம் சுவரிலை முழுப்பேரையும் கொன்றுபோட்டாய் அக்கா! ஒருத்தரையும் மிச்சம் வைக்கேல்லை!"

"ஐயோ சாமி, நா வெளக்கமாத்தத்தாங்க தொட்டேன்!" என்று அலமேலக்கா கத்திக்கொண்டு ஓடினார். பாவம், எல்லாவற்றையும் 'போனவர்' பெட்டியில் குவித்திருக்கிறார். அது மூலையில் இருந்த பெட்டி, குவிக்க வசதி. அன்று மாலைக்குள் டவுனுக்குச் செய்தி போய்விட்டது. சித்திரகுப்தன் அறையில் ஊரே செத்துவிட்டதாம். அந்த வாரம் அம்மன் கோயிலில் கூட்டம் தாங்கவில்லை.

அது போர்க்காலம். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு, பையில் அம்புக்குறி போட்ட பெட்டிப் படங்களோடு ஒரு மனிதர் பஸ்ஸில் போனால் என்ன ஆகும்? நானுஓயாப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள். "மொகத மே?", இது என்ன, என்று படத்தை நீட்டினார் அதிகாரி. எங்கே குண்டு, எங்கே வயர் என்று தேடியிருக்கிறார். இவர் தன்னுடைய சிங்களத்தில் விளக்கத் தொடங்கினார். அவருடைய சிங்களம் புத்தகச் சிங்களம். கணக்குப் புத்தகச் சிங்களம். ஆஸ்பத்திரி வேன் சாரதி செல்லதுரையும் நானும் அவரை மீட்கப் போனோம். போய்ச் சேர்ந்தபோது அதிகாரி, இரண்டு சிப்பாய்கள், பஸ் கண்டக்டர் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் பனிமூட்டம். கடைசியில் அந்த அதிகாரி, பெரிய மீசைக்காரர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மகாத்தயா, நான் எந்தப் பெட்டி?"

இவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இப்போதைக்கு முதலாவது," என்றார். அந்த "இப்போதைக்கு" மீசைக்காரரை என்ன செய்ததோ, படத்தைத் திருப்பிக் கொடுத்து, எங்கள் வேன் கதவைத் தானே சாத்திவிட்டார்.

வழியெல்லாம் செல்லதுரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முனகினார். ஆஸ்பத்திரியில் சித்திரகுப்தனுக்கு அதிகம் பயந்தவர் அவர்தான். "அந்தாள வண்டியில ஏத்துனாலே பிரேக் சரியா புடிக்க மாட்டேங்குதும்மா," என்பார் என்னிடம்.

எதற்காக இந்த மனிதருக்கு இந்த வெறி என்று எல்லோரும் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். தம்பி வெளிநாட்டில் தூளில் செத்தான் என்றார்கள். காதலித்த பெண் செத்தாள் என்றார்கள். ஒரு நாள் நானே கேட்டுவிட்டேன். அவர் ஆச்சரியத்தோடு குரங்குத் தொப்பியைக் கழற்றினார்.

"எனக்கு ஒருத்தரும் சாகேல்லை பிள்ளை. ஆராவது செத்தால்தானோ கணக்குப் பாக்கவேணும்?"



பிறகு ஒரு சுற்றிவளைப்பு நடந்தது. கடைவீதியில் தூள் விற்றவர்களை ஒரே காலையில் பொலிஸ் அள்ளிக்கொண்டு போனது. டவுனே கொண்டாடியது. ஒரு கடைக்காரர் பட்டாசுகூடக் கொளுத்தினார். நான் நல்ல செய்தி சொல்லப்போகிறேன் என்று சவச்சாலைக்கு ஓடினேன். சித்திரகுப்தன் இரண்டாவது சுவருக்குக் கீழே குந்தியிருந்தார். 'புகைப்பவர்' பெட்டியிலிருந்து கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து 'ஊசி' பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"தூள் தட்டுப்பாடு வரப்போகுது. கொஞ்சத் தூள்தான் கிடைக்கும். புகைச்சால் காணாது, போதை ஏறாது. ஊசியிலை ஏத்தினால் காணும். ஒரு ஊசி, நாலைஞ்சு பேர்."

"அப்படியெல்லாம் நம்ம பயலுக செய்ய மாட்டானுக சேர்."

கொட்டை விழும் சத்தம் மட்டும் கேட்டது. டக். டக்.

நாலு வாரம் போனது. ஒரு மத்தியானம் வெளிநோயாளர் பிரிவிலிருந்து மிஸ்ஸி என் மேசைக்கு வந்தாள். "முழங்கைக்குள்ள சீழ் கட்டி ஒரு பையன் வந்திருக்கான். குத்தின தடம். நம்ம ஆஸ்பத்திரியில இதுதான் முதல்." அவள் பெயரைச் சொல்லவில்லை. கொழும்பு ஹோட்டலில் வேலை செய்தவன், இடது கையில் மயில் பச்சை குத்தியிருக்கிறான் என்று மட்டும் சொன்னாள். பக்கத்தில் வேன் சாவியோடு நின்ற செல்லதுரை வெளியே போனார். அந்த மயிலை அவருக்குத் தெரியும். தம்பி கணேசனின் கை.

யாரும் அன்று சிரிக்கவில்லை. சவச்சாலைச் சுவரில் கரிப்புள்ளியாக இருந்தது, ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை செல்லதுரை அந்த அறைக்குள் நுழைந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார், கோயிலுக்குள் போவது மாதிரி. நான் ஒரு கோப்போடு பின்னால் நின்றேன். அவர் இரண்டாவது தட்டின் முன் குனிந்து, ஊசிப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு கொட்டையை எடுத்தார்.

"இவன நான் கொண்டுபோறேன் சேர்."

தட்டைத் தொட்ட அலமேலக்காவை ஓடவைத்த மனிதர் அசையாமல் நின்றார்.

"பேர் என்ன?"

"கணேசன், சேர். என் தம்பி. சின்ன வயசுல இருந்தே ரொம்ப பயந்த பயங்க. இருட்டுல ஒண்ணுக்கு போகக்கூட நான்தான் கூட போவேன்."

செல்லதுரை கொட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். சித்திரகுப்தன் மேசைக்குப் போனார். பதிவுப் புத்தகத்தில் அன்றைய தேதியைப் போட்டு, "ஒன்று குறைகிறது" என்று எழுதினார்.

"இதாலைதான் பிள்ளை நான் பேர் கேக்கிறேல்லை," என்றார். "பேர் தெரிஞ்சால் கொட்டையை நகர்த்த ஏலாது."

அன்றே பெரிய டொக்டரிடம் போனார். பெரிய டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. கண்டிப்பானவர், எல்லோரும் அவரை டொக்டர் நோனா என்போம். அவரைச் சவச்சாலைக்கே கூட்டி வந்துவிட்டார். நோனா நாலு சுவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் கோடு ஏறிக்கொண்டே போனது. இரண்டாவது கோடு கொஞ்ச நாள் இறங்கி, பிறகு முதலாவதையும் தாண்டி ஏறியது. மூன்றாவது தயங்கித் தயங்கி ஏறியது. நாலாவது மட்டும் ஓரிடத்தில் வளைந்து படுத்துவிட்டது.

"நாங்கள் எந்தச் சுவரில் இருக்கிறோம்?" என்று கேட்டார் நோனா.

"போன மாதம் வரைக்கும் முதலாவது. இப்போது இரண்டாவது."

"இந்தக் கணக்கு நிச்சயமா?"

"இல்லை. வேறு ஊர்களின் எண்களைக் கடன் வாங்கித்தான் போட்டேன். உங்கள் ஊர் எண்கள் கிடைக்க வேண்டுமானால், ஆட்கள் பயப்படாமல் வர வேண்டும்."

நோனா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு யோசித்தார். பெயர் கேட்காமல் ரத்தம் பார்க்கலாம், எண் மட்டும் போதும் என்றார். தூளை விட விரும்புகிறவர்களைப் பொலிசுக்குச் சொல்லாமல் பின்வாசலால் வார்டில் சேர்க்கலாம் என்றார். சித்திரகுப்தன் மூன்றாவதாக ஒரு வழி சொன்னார். புது ஊசி கொடுத்துப் பழைய ஊசியை வாங்க வேண்டும்.

"அதில் என் கையெழுத்து வராது," என்றார் நோனா. வாசல்வரை போய் நின்றார். "மேலே தோட்டத்து எல்லையில் ஒரு பழைய கொழுந்து மடுவம் இருக்கிறதல்லவா? அந்தப் பக்கம் நான் ஒருநாளும் நடக்கப் போவதில்லை."

கொழுந்து மடுவம் என்பது, பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. புதிது கட்டிய பிறகு அது இடிந்து கிடந்தது. புதனும் சனியும் பின்னேரம் மூன்று மணிக்கு, சரியாகப் பனிமூட்டம் மலையிலிருந்து இறங்கும் நேரத்தில், குரங்குத் தொப்பியும் கறுப்புக் குடையுமாக ஓர் உருவம் அங்கே உட்காரத் தொடங்கியது. முன்னால் இரண்டு டின்கள். பனிக்குள்ளிருந்து பையன்கள் ஒவ்வொருவராக வருவார்கள். பேச்சில்லை. ஒரு டின்னில் எதையோ போடுவார்கள், மற்ற டின்னிலிருந்து எதையோ எடுப்பார்கள், பனிக்குள் போய்விடுவார்கள். மேல் மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் இதைப் பார்த்தார்கள். விளைவைச் சொல்லவா வேண்டும்? பழைய வெள்ளைக்காரத் துரையின் ஆவி வந்து ஆத்துமா வாங்குகிறது என்றார்கள். ஒரு சனிக்கிழமை மடுவத்து வாசலில் தேங்காய் உடைத்து, கர்ப்பூரம் ஏற்றி, வெற்றிலையும் வைத்திருந்தார்கள்.

"பிறகு என்ன சேர் செஞ்சீங்க?"

"தேங்காயைத் திண்டனான். நல்ல முத்தின காய்."

ஊசிகளை அவர் கடைவீதி மருந்துக் கடையில்தான் வாங்கினார். அடிக்கடி வாங்கினார். மருந்துக் கடைக்காரர் அனுதாபத்தோடு எல்லோரிடமும் சொன்னார், "பாவம், சேருக்குச் சீனி வியாதி முத்திருச்சு." அதற்குப் பிறகு எந்தத் தேநீர்க் கடையிலும் அவருக்குச் சீனி கிடைக்கவில்லை. "வேணாங்க சேர், ஒடம்புக்கு ஆகாது," என்று சீனி டப்பாவை எடுத்து ஒளித்துவிடுவார்கள். மூன்று கரண்டி சீனி போட்டுக் குடிக்கும் மனிதர். உண்மையைச் சொன்னால் ஊசி யாருக்கென்று கேட்பார்கள். ஆகவே ஒரு வார்த்தை மறுக்காமல், முகத்தைக் கோணிக்கொண்டு, கசப்பு பிளேன்டீயைக் குடித்தார். வருடக்கணக்காகக் குடித்தார். பொங்கலுக்கு என் வீட்டில் சர்க்கரைப் பொங்கலை வாரி வாரிச் சாப்பிட்டபோது என் அம்மா பயந்துபோய், "செத்துகித்து போயிரப் போறாருடி," என்று என்னைக் கிள்ளினாள்.

மடுவத்துக்கு முதலில் வந்தவர்களில் கணேசனும் ஒருவன். பின்வாசலால் வார்டுக்கும் வந்தான். மிஸ்ஸி பார்த்துக்கொண்டாள். விட்டான், விழுந்தான், மறுபடி விட்டான். இரண்டாவது தடவை விழுந்தபோது செல்லதுரை அடிக்கக் கை ஓங்கினார். சித்திரகுப்தன் குறுக்கே புகுந்து, "இதுக்கும் கணக்கிலை அம்பு கிடக்கு, பின்பக்க அம்பு. கீறாமல் விட்டால் கணக்குப் பிழை," என்றார். ஓங்கிய கையோடு செல்லதுரை அழுதுவிட்டார். அவனுடைய ரத்தத்தில் கிருமி இல்லை என்று காகிதம் வந்த அன்று வேன் முன்கண்ணாடியில் புதுப் பூமாலை தொங்கியது. பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைக் கொட்டையும் இருந்தது.

எல்லாக் காகிதமும் அப்படி வரவில்லை. ஒன்று வேறு மாதிரி வந்தது. எண் மட்டும்தான். அந்த எண்ணை நான் இங்கேயும் எழுத மாட்டேன். சித்திரகுப்தன் அதை மூன்று தரம் வாசித்தார். அந்த எண்ணுக்குரியவன் இரண்டு சனிக்கிழமையாக மடுவத்துக்கு வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மழை கொட்டியது. கையெழுத்து வேண்டிய அவசரக் கடிதம் ஒன்றோடு நான் மேலே ஏறிப்போனேன். பனியும் மழையும் சேர்ந்து பத்தடிக்கு மேல் தெரியவில்லை. மடுவத்தின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. முதலில் குடை தெரிந்தது. அதன் கீழே நாலு கால்கள் தெரிந்தன. இரண்டு கால் சப்பாத்தோடு, இரண்டு கால் வெறுங்காலோடு. வெறுங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. குடை முழுக்க வெறுங்கால்காரன் பக்கம் சாய்ந்திருந்தது. நான் கடிதத்தைக் கொடுக்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை சித்திரகுப்தன் வேலைக்கு வரவில்லை. முதல் தடவை. அந்தப் பையனோடு அதிகாலை ரயிலில் கொழும்புக்குப் போய், கிளினிக் வரிசையில் பக்கத்திலேயே நின்று, மருந்துக்குப் பதிந்துவிட்டு வந்திருக்கிறார். பிறகும் மாதாமாதம் போனார். நாலாவது தட்டில் ஒரு கொட்டை 'கிருமி வந்தவர்' பெட்டியிலிருந்து 'மருந்தில் இருப்பவர்' பெட்டிக்கு நகர்ந்தது. அதை நகர்த்த மட்டும் அவர் சீட்டுக் குலுக்கவில்லை.

வருடங்கள் ஓடின. அவர் சொன்ன நாற்பத்தொரு பேர் சாகவில்லை. பக்கத்தில்கூட வரவில்லை. டவுன் இதை மன்னிக்கத் தயாராக இல்லை. "என்னா சித்திரகுப்தன், ஒரு பொணத்தையும் காணோம்?" என்று கடைவீதியில் கேலி செய்தார்கள். கோயிலில் நேர்த்திக்கடன் செலுத்தியவர்களுக்கு ஏமாந்துவிட்ட கோபம். பொய்க் கணக்கன் என்றார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் என் மேசைக்கு வந்தார். தொப்பி இல்லை, மஃப்ளர் இல்லை. கையில் ஒரு பொட்டலம் கற்கண்டு.

"பிழைச்சுப் போட்டுது பிள்ளை! முதலாம் சுவர் முழுக்கப் பிழை! எடுங்கோ, எடுங்கோ!"

மிஸ்ஸிக்கு, அலமேலக்காவுக்கு, செல்லதுரைக்கு, டொக்டர் நோனாவுக்கு, வரிசையில் நின்ற நோயாளிகளுக்கு என்று எல்லோருக்கும் கொடுத்தார். தன் கணக்குப் பிழைத்ததற்கு இனிப்புக் கொடுத்த கணக்குக்காரரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. அலமேலக்கா கற்கண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "நாந்தான் அன்னிக்கே எல்லாரையும் கொன்னு தோஷத்த கழிச்சு விட்டேன்ல," என்றார். அவர் கொஞ்ச நேரம் அதைத் தீவிரமாக யோசித்தார்.

உண்மையில் எது காப்பாற்றியது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. நடக்காமல் போனதை யார் எண்ண முடியும்? சாகாமல் போனவர்கள் பஸ்ஸில் நமக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள், தாங்கள் யாரென்று தெரியாமலே.

அவருக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. கொட்டகலை ஸ்டேஷனுக்கு நானும் செல்லதுரையும் கூட்டிப்போனோம். நல்ல காலைநேரம்தான், ஆனால் தண்டவாளம் இரண்டடிக்கு அப்பால் இல்லை. அத்தனை பனி. ஒரு தகரப் பெட்டி, இரண்டு சாக்கு நிறையக் காகிதம். செல்லதுரை தூக்கக் குனிந்தார். அதற்குள் பனிக்குள்ளிருந்து ஓர் இளைஞன் வந்தான். எங்களைப் பார்க்கவில்லை. பெட்டியைத் தோளில் வைத்தான். இன்னொருவன் வந்தான், ஒரு சாக்கு. மூன்றாமவன் வந்தான், மற்றச் சாக்கு. மூவரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் மாதிரியே நின்றார்கள். நான் ஆஸ்பத்திரியில் பார்த்த முகங்கள் இல்லை. சித்திரகுப்தன் அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

"எத்தினை பேர் பிள்ளை?" என்று மட்டும் மெல்லக் கேட்டார்.

"மூணு பேர் சேர்."

"நாலு."

நான் சுற்றிப் பார்த்தேன். பனி ஒரு கணம் விலகிய இடைவெளியில், மேடையின் கோடியில், சிக்னல் கம்பத்தருகே, சாம்பல் நிறமாக ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கிட்ட வரவில்லை. முகம் தெரியவில்லை. கையை மட்டும் உயர்த்தினான். இவர் குடையை உயர்த்தினார்.

ரயில் வந்தது. சாமான்கள் ஏறின. திரும்பிப் பார்த்தபோது பனிதான் இருந்தது, பையன்கள் இல்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, "சரி பிள்ளை, குளிருக்கை நிக்காதேங்கோ," என்றார். வண்டி நகர்ந்தது.

கொழும்பு போய், வண்டி மாறி, வவுனியா போய்ச் சேர மறுநாள் ஆகிவிடும். நாலு ரொட்டி சுட்டு, கொஞ்சம் சம்பல் அரைத்துக் கட்டிக் கொடுத்திருக்கலாமே என்று அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.